பழமைக்கு அளவுகோல் எது?

ஓர் இனத்தின் பெருமையைப் பேசத் தொடங்குவோர் முதலில் எடுத்துரைப்பது ஆண்டுக் கணக்கையே. எங்கள் மொழி இத்தனை ஆயிரம் ஆண்டு பழமையுடையது, எங்கள் நகரம் அதற்கும் முந்தியது என்னும் உரைகளை நாம் மேடைதோறும் கேட்கின்றோம். பிறமொழி பேசுவோர் நடுவே வாழும் நமக்கு இவ்வினா அடிக்கடி எழுகின்றது. அண்டை வீட்டார் கேட்கின்றனர். பள்ளியிலிருந்து திரும்பும் நம் பிள்ளைகளும் கேட்கின்றனர். விடை சொல்ல நாம் தயங்குவதில்லை. ஆயின், அவ்விடையில் உள்ள எண் எங்கிருந்து வந்தது, அதனை அளந்தவர் யார், எக்கோலால் அளந்தார் என்று அடுத்த வினா எழுந்தால், நம்மிற் பலர் வாயடைத்து நிற்கின்றோம்.

மண்ணை அகழ்ந்தால் பானை கிடைக்கும், முத்திரை கிடைக்கும், எலும்பும் கரியும் கிடைக்கும். கி.மு. இத்தனையாம் ஆண்டு என்று பொறித்த ஓடு மட்டும் எங்கும் கிடைப்பதில்லை. மேய்ச்சல் நிலத்தில் முளையடித்து மாட்டைக் கட்டுவது போல, காலம் தெரியாத ஒன்றைக் காலம் தெரிந்த வேறொன்றோடு கயிறிட்டுக் கட்டுவதே வரலாற்றாசிரியரின் பணி. முளை உறுதியாயின் கட்டியதும் நிற்கும். முளை பெயர்ந்தால் அதிற் கட்டியவை யாவும் உடன் பெயரும். கடந்த இருநூறு ஆண்டுகளில் பண்டை நாகரிகங்களின் காலம் முன்னும் பின்னுமாக நகர்ந்த கதை, இம்முளைகளின் கதையே ஆகும். அதனை ஈண்டு ஒருவாறு காண்போம்.

அரசர் பட்டியலும் ஆண்டுத் தொகையும்

பண்டை மக்களுக்குப் பொதுவான ஆண்டுத் தொடர் ஒன்றில்லை. இன்ன அரசன் அரியணை ஏறிய ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்பதே அவர்தம் வழக்கு. ஆகவே, பிற்காலத்தார் பழமையை அளக்க விரும்பியபோது, அரசர்களின் ஆட்சியாண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினர். இக்கூட்டலில் இரண்டு இடர்கள் உண்டு. ஒரே காலத்தில் வெவ்வேறு நகர்களில் ஆண்ட மரபுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டால், ஆண்டுகள் இருமடங்காகப் பெருகும். நினைவுக்கு எட்டாத முன்னோர்க்கு மானிடர்க்கு இயலாத ஆயுளை வழங்குவதும் எளிதில் நிகழும். சுமேரிய அரசர் பட்டியலின் ஒரு படி, பெருவெள்ளத்துக்கு முன் எட்டு அரசர் 2,41,200 ஆண்டுகள் ஆண்டனர் என்று கூறுவது இவ்வகையைச் சார்ந்ததே.

இவ்வாறு பெருகிய எண் அறிஞரையும் மயக்கியதுண்டு. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட நபோனிடசு என்னும் மன்னன், சிப்பார் நகரத்துக் கதிரவன் கோயிலைப் புதுப்பிக்கும்போது, அக்காது நாட்டு அரசன் நராம்சின் இட்ட அடிக்கல்லைக் கண்டதாகவும், அதனை 3,200 ஆண்டுகளாக வேறெவரும் கண்டதில்லை என்றும் பொறித்து வைத்தான். 19-ஆம் நூற்றாண்டில் இப்பொறிப்பைப் படித்த அறிஞர்கள் அம்மன்னன் சொல்லை நம்பி, நராம்சினைக் கி.மு. 3750 அளவிலும், அவன் பாட்டன் சார்கோனைக் கி.மு. 3800 அளவிலும் வைத்தனர். பின்னர்க் களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கிற் கிடைத்து, உடன்காலத்து மரபுகள் பிரித்தறியப்பட்டபோது, அக்கணக்கு ஏறத்தாழ 1,500 ஆண்டு மிகையானது என்பது புலனாயிற்று. நராம்சின் கி.மு. 23-ஆம் நூற்றாண்டினன் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிபு.

நம் முச்சங்கக் கணக்கையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். இறையனார் களவியலுரை, தலைச்சங்கம் 4,440 ஆண்டுகள் 89 அரசர் காலத்தும், இடைச்சங்கம் 3,700 ஆண்டுகள் 59 அரசர் காலத்தும், கடைச்சங்கம் 1,850 ஆண்டுகள் 49 அரசர் காலத்தும் இருந்தன என்கின்றது. மூன்றையும் கூட்டினால் 9,990 ஆண்டுகள். இவ்வெண்களைச் சற்று உற்று நோக்குவோம். மூன்றும் 370 என்னும் எண்ணால் மீதியின்றி வகுபடுவன. முதலாவது அதன் 12 மடங்கு; இரண்டாவது 10 மடங்கு; மூன்றாவது 5 மடங்கு. இடைச்சங்கத்து அரசர் ஒவ்வொருவரும் சராசரியாக 62 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டிருத்தல் வேண்டும். நன்கறிந்த அரச மரபுகளிலோ ஓர் ஆட்சியின் சராசரி இருபது, இருபத்தைந்து ஆண்டுகளேயாம். ஆதலின் இவை எண்ணிக் கண்ட ஆண்டுகள் அல்ல. ஒரு வாய்பாட்டில் அமைத்த ஆண்டுகள். இதனாற் சங்கம் என்னும் மரபே பொய்யென்று ஆகாது. புலவர் அவை ஒன்றைப் பற்றிய நினைவு நெடுங்காலம் போற்றப்பட்டது என்பதை அவ்வுரை காட்டுகின்றது. அந்நினைவைப் போற்றலாம், அதன் எண்ணைக் கொண்டு ஆண்டுக் கணக்கு எழுதலாகாது.

வானம் தந்த முளை

அரசர் பட்டியலை நிலைநிறுத்த உதவிய உறுதியான முளை வானத்திலிருந்து கிடைத்தது. அசீரியர் தம் ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியின் பெயரைச் சூட்டி, அப்பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருந்தனர். அவ்வரிசையில் புர்-சகாலே என்பானின் ஆண்டில், சிமானு மாதத்தில், கதிரவன் மறைப்பு நிகழ்ந்ததாக ஒரு குறிப்பு உள்ளது. வானியலார் பின்னோக்கிக் கணக்கிட்டு, அது கி.மு. 763 சூன் 15-ஆம் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணமே என்று கண்டனர். அம்முளையிலிருந்து முன்னும் பின்னும் பல அசீரிய மன்னர்களின் ஆண்டுகள் ஐயமற அமைந்தன.

வானமும் எப்போதும் ஒரே விடையைத் தருவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பாபிலோனிய மன்னன் அம்மிசதுக்கன் காலத்தில் வெள்ளிக்கோளின் தோற்றமும் மறைவும் 21 ஆண்டுகள் குறிக்கப்பட்டன. அக்குறிப்பின் படிகள் கிடைத்துள்ளன. ஆயின், வெள்ளியின் இவ்வொழுங்கு 56 அல்லது 64 ஆண்டுகளுக்கொருமுறை ஏறத்தாழ மீண்டு வருவது. ஆகவே அப்பதிவு பல காலங்களுக்குப் பொருந்துகின்றது. சட்டம் வகுத்த அம்முராபி அரியணை ஏறியது கி.மு. 1848-ஆ, 1792-ஆ, 1728-ஆ என்று அறிஞர் நெடுங்காலம் வழக்காடியது இதனாலேயே. நடுவண் கணக்கான 1792-ஐயே பெரும்பாலான நூல்கள் மேற்கொள்கின்றன.

கல்கத்தாவில் தொடங்கிய கணக்கு

இந்திய வரலாற்றுக்கு முதல் முளையை அடித்தவர் சர் வில்லியம் சோன்சு. 1793-ஆம் ஆண்டில் கல்கத்தா ஆசியச் சங்கத்தில் ஆற்றிய உரையில், கிரேக்க நூல்கள் கூறும் சாண்ட்ரகோட்டசு என்பவன் மௌரிய மன்னன் சந்திரகுப்தனே என்று அவர் அறிவித்தார். அலெக்சாந்தர் பஞ்சாபில் நுழைந்தது கி.மு. 326. அவனுக்குப் பின் வந்த செலூக்கசுடன் உடன்படிக்கை செய்தவன் சந்திரகுப்தன். புராணங்களில் ஆண்டின்றி மிதந்து கொண்டிருந்த அரசர் வரிசை, இவ்வொரு பெயரொற்றுமையால் கிரேக்கர் காலக் கணக்கோடு கட்டப்பட்டது.

ஒரு பெயரொற்றுமையை நம்பி ஒரு நாட்டின் வரலாற்றையே தொங்கவிடலாமா என்று ஐயுற்றவர்கள் உண்டு. அவ்வையம் முறையானதே. அதற்கு விடை 1837, 1838-ஆம் ஆண்டுகளில் கிடைத்தது. கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய சேம்சு பிரின்செப், பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். தில்லியில் பிரோசு சா கோட்டையில் நிற்கும் தூணின் எழுத்துகளும், குசராத்தில் கிர்னார் மலையடிப் பாறையின் எழுத்துகளும் பேசத் தொடங்கின. கிர்னார்ப் பாறையில் யவன அரசன் அந்தியோகன் பெயரை அவர் கண்டார். அசோகனின் பதின்மூன்றாம் பாறைக் கட்டளை, அந்தியோகன், துரமாயன், அந்தெகினன், மகன், அலிகசுந்தரன் என ஐந்து யவன அரசரைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. சிரியாவின் இரண்டாம் அந்தியோக்கசு ஆண்டது கி.மு. 261 முதல் 246 வரை. எகிப்தின் இரண்டாம் தாலமி இறந்தது கி.மு. 246. மக்கெதோனியாவின் அந்திகோனசு, சைரீனின் மகசு, அலெக்சாந்தர் என்னும் பெயருடைய மற்றொரு யவன அரசன் ஆகியோரும் அவர்தம் உடன்காலத்தவரே. ஐவரும் ஒருங்கே வாழ்ந்த காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு குறுகிய இடைவெளியேயாகும். அசோகன் வேறெக்காலத்தும் இருந்திருக்க முடியாது. சோன்சு கட்டிய ஒற்றைக் கயிற்றுக்கு ஐந்து கயிறுகள் துணை வந்தன.

தமிழர்க்கு இதில் தனிப்பட்ட பொருள் உண்டு. அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை, மாந்தர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ உதவி செய்வித்த நாடுகளைச் சொல்லுமிடத்து, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரையும், தாமிரபரணியையும், அதே தொடரில் யவன அரசன் அந்தியோகனையும் வைத்துப் பேசுகின்றது. மூவேந்தர் மரபு கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் வடபுலம் அறிந்த அரசாக விளங்கிற்று என்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேண்டுவதில்லை. அச்சான்று மதுரையிலோ உறையூரிலோ கிடைத்ததன்று. குசராத்திலும், இமயத்தின் அடிவாரத்தில் கால்சியிலும் பாறையில் நின்று கொண்டிருக்கின்றது. 1981-ஆம் ஆண்டில் திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. அது அதியமான் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்னும் பட்டத்தோடு குறிக்கின்றது. நெடுநாள் வழக்கிலிருந்த சத்தியபுத்திரர் யார் என்னும் வினா, தகடூர் அதியர் மரபே என்னும் விடையோடு முடிந்தது.

சிந்துவெளியின் இரவற் காலம்

1924-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சர் சான் மார்சல், அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் கிடைத்த முத்திரைகளின் படங்களை இலண்டன் இதழொன்றில் வெளியிட்டார். அவற்றின் காலம் அப்போது அவருக்கே தெளிவாகவில்லை. படங்களைக் கண்ட மேலை அறிஞர்கள், மெசபொடேமியாவிலும் சூசாவிலும் இத்தகைய முத்திரைகள் கிடைத்துள்ளன என்று சில வாரங்களுக்குள் எழுதினர். இந்திய நாகரிகத்தின் வயது ஒரே மூச்சில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உயர்ந்தது.

ஆயின் அவ்வயது இரவல் வாங்கிய வயது. மெசபொடேமியாவின் ஆண்டுக் கணக்கு உயர்ந்தால் சிந்துவெளியும் உயரும். அது தாழ்ந்தால் இதுவும் தாழும். மார்சல் 1931-இல் மொகஞ்சதாரோவுக்குக் கி.மு. 3250 முதல் 2750 வரை என்று காலம் வகுத்தார். பின்னர்ச் சார்கோனின் காலம் கி.மு. 24, 23-ஆம் நூற்றாண்டுகளுக்கு இறங்கியபோது, மார்ட்டிமர் வீலர் சிந்துவெளியைக் கி.மு. 2500 முதல் 1500 வரை என்று இறக்கி வைத்தார். அவர் கூறிய முடிவாண்டாகிய 1500 ஆரியர் வருகை பற்றிய கருத்தைச் சார்ந்தது. அக்கருத்தோ, வேத இலக்கியத்தின் ஒவ்வொரு படிநிலைக்கும் இருநூறு ஆண்டு என்று மாக்சு முல்லர் 1859-இல் உத்தேசமாக வைத்த கணக்கில் வேரூன்றியது. உத்தேசத்தின்மேல் உத்தேசம் அடுக்கிய அக்கட்டடம் ஒரு தலைமுறைக் காலம் பாடநூல்களில் உறுதியான உண்மை போலவே நின்றது.

கரித்துண்டு சொன்ன காலம்

எழுத்தையும் அரசரையும் நம்பாத ஒரு முளை 1949-இல் தோன்றியது. சிகாகோப் பல்கலைக்கழகத்து வில்லார்டு லிப்பி கண்ட கரிமக் காலக்கணிப்பே அது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைத் தாக்கிக் கரிமம்-14 என்னும் கதிரியக்கப் பொருளை உண்டாக்குகின்றன. மரம், செடி, விலங்கு, மனிதன் ஆகிய உயிர்கள் வாழுங்காலத்து அதனை ஏற்றுக்கொண்டே இருக்கின்றன. இறந்தபின் ஏற்பது நின்று, உள்ளது சிதையத் தொடங்குகின்றது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளிற் பாதி போய்விடும். எஞ்சியதை அளந்தால், உயிர் நீங்கி எத்தனை ஆண்டாயின என்று கணிக்கலாம். எகிப்திய மன்னன் சோசரின் கல்லறை மரத்துண்டு போன்ற, காலம் முன்பே தெரிந்த பொருள்களைக் கொண்டு லிப்பி தம் முறையைச் சோதித்தார். 1960-இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் இப்பணியை மேற்கொண்டவற்றுள் முதன்மையானது பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். காலிபங்கன், லோத்தல் முதலிய இடங்களின் கரித்துண்டுகளை ஆராய்ந்த தி. பி. அகர்வால், சிந்துவெளி நாகரிகம் கி.மு. 2300 முதல் 1750 வரை என்று 1964-இல் எழுதினார். அப்பணி பின்னர் அகமதாபாத்து இயற்பியல் ஆய்வகத்தில் தொடர்ந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. காற்றிலுள்ள கரிமம்-14 எக்காலத்தும் ஒரே அளவாக இருந்ததில்லை என்பது, ஆண்டுக்கொரு வளையமாக வளரும் மரங்களைக் கொண்டு தெளிவாயிற்று. கலிபோர்னியாவின் உயர்ந்த மலைகளில் நாலாயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் ஊசியிலை மரங்கள் உள்ளன. அவற்றின் வளையங்களை எண்ணி, ஒவ்வொன்றின் கரிமத்தையும் அளந்தபோது, கி.மு. 1000-க்கு முற்பட்ட கரிமக் கணக்குகள் உண்மை ஆண்டினும் குறைவாகக் காட்டி வந்தமை தெரிந்தது. அவ்வாறு திருத்திப் பார்த்தபின், சிந்துவெளியின் செழுமைக் காலம் கி.மு. 2600 முதல் 1900 வரை என்று அமைந்தது. மார்சலின் கணக்கு மிகை; வீலரின் கணக்கும், அகர்வாலின் முதற்கணக்கும் தொடக்கத்தில் குறை. சார்கோன் தன் அக்காதுத் துறையில் மெலுகா நாட்டுக் கப்பல்கள் நின்றன என்று பொறித்ததும் இக்காலத்தோடு ஒத்து வருகின்றது. மெலுகா சிந்துவெளியே என்பது அறிஞர் பலர் கொள்கை.

இத்திருத்தத்தின் விளைவு நம் நாட்டோடு நிற்கவில்லை. இங்கிலாந்தின் சுடோன்கெஞ்சு என்னும் பெருங்கல் வட்டத்தை, கிரேக்கத்து மைசீனியரிடம் கற்றவர் எழுப்பியதாகப் பலர் எழுதி வந்தனர். திருத்திய கணக்குப்படி அதன் பெருங்கற்கள் கி.மு. 2500 அளவில் நிறுத்தப்பட்டன. மைசீனியர் எழுச்சியோ அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியது. ஆசிரியன் என்று கருதப்பட்டவன் பிறக்குமுன்பே மாணவன் பாடத்தை முடித்துவிட்டான். ஆண்டு நகர்ந்தால், யார் யாரிடம் கற்றார் என்னும் கதையும் தலைகீழாகும் என்பதற்கு இது தக்க சான்று.

தென்னாட்டில் அடித்த முளைகள்

தென்னாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 1945-இல் வீலர் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரெத்தியத்தில் செய்த சிவந்த மட்கல ஓடுகள் அங்குக் கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்பது உரோம நாட்டுச் சான்றுகளால் தெரியும். அவற்றோடு கிடைத்த உள்நாட்டு ஓடுகளுக்கும் அக்காலமே என்று கொண்ட வீலர், 1947-இல் கருநாடகத்துப் பிரம்மகிரியை அகழ்ந்தபோது அவ்வளவுகோலையே அங்கும் கொண்டு சென்றார். அவர் கணக்கில், பெருங்கற் சின்னங்களும் இரும்பும் அங்குத் தோன்றியது கி.மு. 200 அளவிலேயே.

முளை நல்ல முளைதான். கயிறுதான் அளவுக்கு மீறி இழுக்கப்பட்டது. உரோம ஓடு கிடைத்த அடுக்கின் காலத்தை அது சொல்லும். அதன் கீழுள்ள அடுக்குகள் எத்தனை நூற்றாண்டு ஆழமுடையவை என்பதை அது சொல்லாது. பின்னர் வந்த கரிமக் கணிப்புகள் தென்னாட்டுப் புதிய கற்காலத்தைக் கி.மு. மூன்றாம் ஆயிரத்துக்கும், இரும்பின் தோற்றத்தைக் கி.மு. 1000-க்கு முன்னும் கொண்டு சென்றன. அரிக்கமேட்டின் உள்நாட்டு மட்கலங்களும் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தில் வழங்கியவை என்று பின்னாளில் அங்கு அகழ்ந்த விமலா பெக்லி காட்டினார்.

சங்க இலக்கியத்தின் காலத்துக்கும் ஒரு முளை அடிக்கப்பட்டது. கண்ணகிக்குச் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் கலந்துகொண்டதாகச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. மகாவமிசம் கூறும் முதற் கயவாகுவின் காலம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. அஞ்சல் துறையிற் பணியாற்றிய கனகசபைப் பிள்ளை, 1904-இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் இவ்வொற்றுமையைக் கொண்டு சங்க காலத்தை நாட்டினார். ஆயின், மகாவமிசம் அவ்வருகையைக் குறிக்கவில்லை. சிலம்பின் காலத்தையே வையாபுரிப் பிள்ளை போன்றோர் பல நூற்றாண்டு பின்னுக்குக் கொண்டு சென்றனர். ஒற்றைக் கயிற்றில் நெடுநாள் தொங்கிய அக்கணக்குக்கு வேறு துணை வேண்டியிருந்தது.

அத்துணை கரூர்ப் பக்கத்துப் புகளூர் ஆறுநாட்டார் மலையில் கிடைத்தது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சேரல் இரும்பொறை மரபின் மூன்று தலைமுறை அரசரை வரிசையாகக் குறிக்கின்றது. அவர்கள் பதிற்றுப்பத்தின் இறுதிப் பத்துகளிற் பாடப்பெற்ற இரும்பொறை அரசர்களே என்று ஐராவதம் மகாதேவன் விளக்கினார். எழுத்தின் வடிவு கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. முசிறித் துறையைப் பற்றி உரோமப் பேரறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியதும், யவனர் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு சென்றதைச் சங்கப் பாடல் கூறுவதும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கயவாகு முளை பெயர்ந்தாலும் சங்க காலம் இன்று பெயர்ந்து விடாது. பல கயிறுகள் அதனைப் பிணித்துள்ளன.

கீழடியும் அதன் பின்னும்

இப்பின்னணியிற் கீழடியை நோக்குவோம். வைகைக் கரையில் 2014-இல் தொடங்கிய அகழ்வாய்வு, செங்கற் கட்டடங்களோடு கூடிய ஒரு குடியிருப்பை வெளிக்கொணர்ந்தது. தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, 353 சென்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்றது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்குக் கிடைத்துள்ளன. பழனிப் பக்கத்துப் பொருந்தலில் எழுத்துப் பொறித்த பொருளோடு கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 490 என்னும் கணிப்பு முன்பே வந்திருந்தது. இவை நிலைபெறின், தமிழ்ப் பிராமி அசோகன் எழுத்துக்கு முற்பட்டதாகும். அசோகனுக்குப் பின்னரே அவ்வெழுத்துத் தெற்கே வந்தது என்று கருதிய அறிஞர்களின் வரிசையை அது மாற்றியமைக்கும்.

இங்கே நாம் அறிந்திருக்க வேண்டிய நுட்பம் இரண்டு. கரிமம் அளப்பது கரியின் காலத்தை. ஓட்டின்மேல் உள்ள எழுத்தின் காலத்தை அன்று. இரண்டும் ஒரே அடுக்கிற் கலையாமற் கிடந்தன என்பதை அகழ்ந்தவர் காட்டிய பின்னரே கரியின் ஆண்டு எழுத்துக்கு உரியதாகும். மற்றொன்று, ஏறத்தாழக் கி.மு. 800 முதல் 400 வரையுள்ள காலம் கரிமக் கணக்குக்கு ஓர் இடர்ப்பாடான காலம். காற்றின் கரிமம் அக்காலத்தில் மாறிய வகையால், நானூறு ஆண்டுகளும் ஏறத்தாழ ஒரே அளவையே காட்டுகின்றன. ஆகவே அக்காலத்துக்கு ஒற்றை ஆண்டு சொல்வதைவிட, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று எல்லை சொல்வதே பொருந்தும். ஒரு கரித்துண்டு போதாது. பல அடுக்குகளிலிருந்து பல துண்டுகள் ஒன்றுபோற் பேசவேண்டும்.

2021-இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் முதுமக்கள் தாழி நெல்லுக்குக் கி.மு. 1155 என்னும் காலம் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, அதே சிவகளையில் இரும்பு கிடைத்த சூழலுக்குக் கி.மு. 3345 வரை செல்லும் காலத்தைக் கூறிற்று. கரிமக் கணிப்போடு, மண்துகள் கடைசியாக ஒளி கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வுக் கணிப்பும் அதிற் பயன்படுத்தப்பட்டது. இரும்பின் உலக வரலாற்றையே மாற்றி எழுதத்தக்க கூற்று இது. கூற்று பெரிதாகுந்தோறும் அதனைத் தாங்கும் முளைகளும் பெருகுதல் வேண்டும். வேறு களங்களிலிருந்தும் வேறு ஆய்வுக்கூடங்களிலிருந்தும் அதே விடை வருமாயின், அதனை மறுப்பார் இரார். அதுவரை அதனை ஆவலோடு நோக்குவதும், முடிந்த முடிபென முழங்காதிருப்பதும் நம் கடன்.

நாம் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

தென்னாட்டின் பழமை இருவகையாற் பிறழ்ந்து அளக்கப்பட்டு வந்துள்ளது. உரோமக் கப்பல் வருமுன் இங்கு நாகரிகமே இல்லை என்பது போல அளந்தவர்கள் ஒருபுறம். எண்ணுக்கு எட்டாத ஆண்டுகளை எடுத்தெறிந்தவர்கள் மறுபுறம். முன்னவர் நம்மைக் குறைத்தனர். பின்னவர் நம் சொல்லைப் பிறர் நம்பாதபடி செய்தனர். நம் முன்னோர்க்கு இருவரும் இழைத்தது ஒரே தீங்குதான்.

பழமை பற்றிய செய்தி ஒன்று நாளிதழில் வரும்போது, நம் பிள்ளைகளோடு அமர்ந்து மூன்று வினாக்களைக் கேட்போம். இந்த ஆண்டு எந்த முளையிற் கட்டப்பட்டது, கல்வெட்டிலா, வானத்திலா, கரியிலா? அளந்த பொருளும் பேசப்படும் பொருளும் ஒன்றுதானா? இதற்குத் துணைநிற்கும் வேறு கயிறுகள் எத்தனை? இம்மூன்றையும் கேட்கக் கற்ற பிள்ளை, தன் மொழியின் பழமையைப் பிற மொழியார் அவையிலும் நாணாமல் எடுத்துரைக்கும். எதிர்வினா எழுந்தால் அஞ்சாமல் விடை கூறும்.

நாம் வாழும் நகரங்களும் இதற்குத் துணை செய்வன. தில்லியில் உள்ளோர் பிரோசு சா கோட்டைத் தூணையும், குசராத்தில் உள்ளோர் கிர்னார்ப் பாறையையும், கல்கத்தாவில் உள்ளோர் ஆசியச் சங்கத்தையும் தம் மக்களுக்கு ஒரு விடுமுறை நாளிற் காட்டலாம். சோழ பாண்டியர் பெயர் பொறித்த பாறை தமிழகத்துக்கு வெளியே நிற்பதை நேரிற் கண்ட பிள்ளைக்கு, வேற்றூரில் வாழ்வது தன் வரலாற்றிலிருந்து விலகி வாழ்வது அன்று என்பது எளிதில் விளங்கும். அகழ்வாய்வுகள் தொடர்ந்து நடைபெறுக. ஆண்டுகள் உயரினும் தாழினும், சான்று காட்டும் வழியே செல்லும் துணிவை நம் சங்கங்கள் வளர்த்து வருக.